அழுத்த அறைக்குள் எலி, எலிக்குள் ஆம்ஃபெட்டமைன்: முதல் சோதனைக்கு இறங்குபவர்களுக்கு

உயர் அழுத்தத்தில் ஊக்கமருந்துகள் விலங்கின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க உங்களை யாரோ அனுப்பியிருக்கலாம். நீங்களாகவே ஆசைப்பட்டும் வந்திருக்கலாம். நான் இதற்குள் வந்தபோது மருந்துதான் கஷ்டமான பகுதி, அழுத்தம் என்பது குழாயைத் திறந்து மூடுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு விலை ஏழு மாதத் தரவு. மொத்தமாகத் தூக்கிப் போட்டேன்.

வால்வைத் திருப்பும்போது அழுத்தம் மட்டும் மாறுவதில்லை. எலி சுவாசிக்கும் வாயு, ஆக்சிஜனின் அளவு, கரியமில வாயு, வெப்பம், இரைச்சல், வாயுவின் அடர்த்தி எல்லாம் சேர்ந்து மாறும். இவற்றில் பாதி ஆம்ஃபெட்டமைனின் விளைவைத் தாமாகவே மாற்றக்கூடியவை. அதனால் கீழே வரும் படிகளில் மருந்து மிகவும் தாமதமாகத்தான் வரும். அதுவரை பொறுமையாக இருங்கள்.

ஒரு சின்னச் சொல் விவகாரம்: உணவு உருண்டைக்காக எலி லீவரை அழுத்துவதும் அழுத்தம், அறையில் ஏறுவதும் அழுத்தம். குழப்பம் வேண்டாம் என்று இங்கே எலி லீவரைத் 'தட்டும்' என்றே எழுதுகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு நன்றி சொல்வீர்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'அழுத்தத்தின் விளைவு' என்று எழுதினால் அது கேள்வி ஆகாது. எந்த வாயு என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கப்போவது மூன்று வேறு விஷயங்கள்.

நைட்ரஜன் அழுத்தம் ஏறினால் போதை தரும். காற்றைச் சுவாசிக்கும் மனிதருக்கு 30 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 4 வளிமண்டலத்தில் (கடல்மட்டக் காற்றழுத்தத்தின் நான்கு மடங்கில்), இது தலைகாட்டத் தொடங்கும். எலியிடம் தெளிவாகப் பார்க்க அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். ஹீலியத்துக்குப் போதைத் தன்மை கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஹீலியம் கலவையில் தெரிவது பெரும்பாலும் அழுத்தத்தின் நேரடி வேலை: நடுக்கம், துள்ளல், மூளை மின்னலைகளில் மாற்றம், மிக அதிகமானால் வலிப்பு. மனிதரில் இது சுமார் 150 மீட்டருக்குக் கீழே வரத் தொடங்குகிறது. வேகமாக அழுத்தமேற்றினால் மோசமாகும். மூன்றாவது ஆக்சிஜன். அதன் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) கூடினால் அது நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு.

ஊக்கமருந்தை நுழைக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. ஆம்ஃபெட்டமைன் நரம்பு முனைகளிலிருந்து டோபமைன், நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள்களை வெளியே தள்ளுகிறது. எலியின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில், உயர் அழுத்த நைட்ரஜன் டோபமைன் அளவைக் குறைக்கிறது. உயர் அழுத்த ஹீலியம் கூட்டுகிறது. அப்படியென்றால் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரு வாயுவில் எதிர்நீச்சல் போடுகிறது, இன்னொன்றில் ஏற்கெனவே ஓடுகிற திசையில் தள்ளிவிடுகிறது. 'அழுத்தத்தில் ஆம்ஃபெட்டமைன் என்ன செய்யும்' என்று யாராவது கேட்டால், எந்த வாயுவில் என்று திருப்பிக் கேளுங்கள்.

என் பரிந்துரை: முதல் சோதனைக்கு நைட்ரஜன், மொத்த அழுத்தம் 10 வளிமண்டலத்துக்குள். ஹீலியம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. ஆவணங்கள்: மெதுவாக நகர்வதை முதலில் தள்ளிவிடுங்கள்

நான் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வந்த பிறகுதான் மருந்து உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். தவறு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால் நான்கு மாதம் மிச்சம்.

ஆம்ஃபெட்டமைனும் மெத்தில்ஃபெனிடேட்டும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனமருட்சிப் பொருள்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. கொக்கைன் 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் ஒப்பந்தத்தில் வருகிறது. ஆகவே எங்கே வேலை செய்தாலும் வாங்க, வைத்திருக்க, அழிக்க மூன்றுக்கும் அனுமதி கேட்பார்கள். பூட்டிய பெட்டகம், எடைபோட்டு இரண்டு பேர் கையெழுத்திடும் பதிவேடு, மிச்சக் கரைசலை எப்படி அழித்தீர்கள் என்ற குறிப்பு, மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கஃபீன் இந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை. உரிமம் வரும் வரை கஃபீனை வைத்து முழுச் சோதனையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அது வேலை செய்யும் வழி வேறு (அடினோசின் ஏற்பிகளைத் தடுக்கிறது), அதனால் முடிவுகளை ஆம்ஃபெட்டமைனுக்கு மாற்றிப் பொருத்த முடியாது. ஆனால் உங்கள் கையும் கடிகாரமும் பழகிவிடும்.

நெறிமுறைக் குழுவின் படிவத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், எந்த அறிகுறி தெரிந்தால் சோதனையை நிறுத்துவீர்கள் என்ற கேள்வி. சாதாரண மருந்துச் சோதனையில் கதவைத் திறந்து எலியை வெளியே எடுத்துவிடலாம். இங்கே 10 வளிமண்டலத்தில் எலிக்கு வலிப்பு வந்தால் உடனே எடுக்க முடியாது. என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரத்தில் மேற்பரப்புக்கு, அதாவது 1 வளிமண்டலத்துக்கு, கொண்டுவருவீர்கள், காப்பாற்ற முடியாத நிலையில் உள்ளேயே வலியின்றி முடிக்க வழி உண்டா என்று எழுத வேண்டும். இதைத் தெளிவாக எழுதாத விண்ணப்பம் திரும்பி வரும். என்னுடையது இரண்டு முறை வந்தது.

அழுத்த அறைக்குத் தனிக் கோப்பு: நீரழுத்தச் சோதனைச் சான்று, பாதுகாப்பு வால்வின் சான்று, அளவிகளின் அளவுதிருத்தத் தேதிகள், இயக்குபவரின் பயிற்சிச் சான்று. அக்ரிலிக் ஜன்னல் இருந்தால் அதன் வயதையும் கேளுங்கள். மனிதர் உட்காரும் அழுத்த அறைகளுக்கான தரநிலையில் அக்ரிலிக் ஜன்னலின் வடிவமைப்பு ஆயுள் 10 ஆண்டு. விலங்கு அறைதானே என்று அலட்சியம் வேண்டாம், வெளியே நிற்பது நீங்கள்தான். அந்த ஜன்னலை ஆல்கஹால் போட்டுத் துடைக்கவே கூடாது. நுண்விரிசல் விழும். மருந்துச் சோதனைக்காரர்களின் கை தன்னாலேயே ஆல்கஹால் பாட்டிலுக்குப் போகும் என்பதால் ஜன்னல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

அறிக்கையை எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதை இப்போதே பாருங்கள். விலங்கு ஆய்வுகளுக்கான அரைவ் நெறிமுறைகள் 2010இல் வந்து 2020இல் திருத்தப்பட்டன. சீரற்ற ஒதுக்கீடு, மறைமுகமாக்கல் (எந்த எலிக்கு எது கொடுத்தது என்று அளப்பவருக்குத் தெரியாமல் வைப்பது), மாதிரி அளவு என்று அதில் கேட்பவற்றை முடிவில் நிரப்ப முடியாது.

3. செலவு எங்கே ஒழுகும்

மருந்து மலிவு. எலிகூட மலிவு. வாயுவும் காத்திருக்கும் நாட்களும்தான் பட்ஜெட்டைத் தின்னும்.

கணக்கு இதுதான். 200 லிட்டர் அறையை 1 வளிமண்டலத்திலிருந்து 10க்கு ஏற்ற 9 மடங்கு, அதாவது மேற்பரப்பு அளவில் 1,800 லிட்டர் வாயு வேண்டும். 50 லிட்டர் உருளை 200 பாரில் இருந்தால் சுமார் 10,000 லிட்டர் வரும். ஐந்து முறை ஏற்றலாம் என்று தோன்றுகிறதா? உருளையின் அழுத்தம் அறையின் அழுத்தத்துக்கு அருகில் வந்தபின் அதிலிருந்து எதுவும் போகாது. இடையில் அறையை அலசுவதற்கும் வாயு போகும், இறக்கும்போது எல்லாம் வெளியே போகும். நாங்கள் நான்கு என்று வைத்துத் திட்டமிட்டோம். ஹீலியத்தில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களானால் நைட்ரஜனோடு தொடங்கச் சொன்னதன் காரணம் புரியும்.

அறை சிறியதாக இருந்தால் வாயு மிச்சம், ஆனால் கரியமில வாயு சீக்கிரம் சேரும். அதை அடுத்து வரும் கணக்கில் பாருங்கள்.

4. ஆக்சிஜன் கணக்கு: இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்

சாதாரணக் காற்றை 10 வளிமண்டலத்துக்கு ஏற்றினால் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் 2.1 ஆகிவிடும். மனித முக்குளிப்பில் 1.6ஐ மேல் வரம்பாக வைக்கிறார்கள். அதற்கு மேல் வலிப்பு அபாயம். ஆம்ஃபெட்டமைன் அந்த வலிப்பை இன்னும் சீக்கிரம் வரவழைக்கும் மருந்துகளில் ஒன்று. கரியமில வாயு கூடினாலும் அப்படித்தான். ஆக, வெறும் காற்றை ஏற்றிச் செய்யும் சோதனையில் மருந்தோடு மோதுவது நைட்ரஜனா ஆக்சிஜனா என்று யாராலும் சொல்ல முடியாது.

எளிய வழி: அறையில் 1 வளிமண்டலக் காற்று இருக்கும்போதே மூடிவிட்டு, தூய நைட்ரஜனை மட்டும் ஏற்றுங்கள். 10 வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பகுதியழுத்தம் அதே 0.21தான். எலிக்கு மூச்சுக்கு ஒன்றும் குறையில்லை. தீ அபாயமும் குறையும்.

இதில் மூன்று பொறிகள். மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன், அல்லது விழப்போனேன்.

முதலாவது, அளவி எதைக் காட்டுகிறது என்பது. உணரி அறைக்குள்ளேயே இருந்தால் அது பகுதியழுத்தத்தைப் படிக்கும். வாயுவை வெளியே இழுத்து மேற்பரப்பில் அளந்தால் விழுக்காட்டைப் படிக்கும். எங்களுடையது இரண்டாவது வகை. முதல் நாள் 10 வளிமண்டலத்தில் திரையில் 2.1 விழுக்காடு என்று வந்தது. எலி மூச்சுத் திணறுகிறது என்று பதறி ஆக்சிஜனைத் திறந்துவிட்டேன். எலி பாட்டுக்கு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஓடிவந்து மூடும்போது 9 விழுக்காடு, அதாவது பகுதியழுத்தம் 0.9. விழுக்காட்டை மொத்த அழுத்தத்தால் பெருக்க வேண்டும் என்று அளவியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம், இப்போதும் இருக்கிறது.

இரண்டாவது, இறங்கும் வழி. உள்ளே இருப்பது 2.1 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவை. அப்படியே இறக்கினால் 5 வளிமண்டலத்தில் பகுதியழுத்தம் பாதியாகிவிடும். 2க்கு வரும்போது 0.04. எலி இறந்துவிடும். இறக்கத் தொடங்கும்போதே ஆக்சிஜனையோ காற்றையோ சேர்த்துக்கொண்டே வர வேண்டும். 0.21க்குக் கீழே போகாமல், 0.5ஐத் தாண்டாமல் என்று நாங்கள் வைத்திருந்தோம்.

மூன்றாவது உங்களுக்கு. வெளியேறும் நைட்ரஜன் சோதனைக்கூடத்துக்குள் வந்தால் அங்கே ஆக்சிஜன் குறையும். வெளியேற்றும் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். சுவரில் ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவி வேண்டும். கதவைத் திறந்தவுடன் தலையை உள்ளே விடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத வாயுவில் மூச்சுமுட்டல் தெரியாது, நேராக மயக்கம்தான்.

கரியமில வாயு: 300 கிராம் எலி மணிக்கு சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கும். நான்கு மணி நேரத்தில் 200 லிட்டர் அறையின் ஆக்சிஜன் பெரிதாகக் குறையாது. ஆனால் அதற்குள் வெளிவந்த கரியமில வாயுவின் பகுதியழுத்தம் 0.006 வளிமண்டலத்தைத் தொட்டிருக்கும். மேற்பரப்பில் 0.6 விழுக்காட்டைச் சுவாசிப்பதற்குச் சமம். வெளியே இழுத்து அளக்கும் கருவியோ 0.06 என்று அப்பாவியாகக் காட்டும். சோடா சுண்ணாம்பு வைத்து விசிறியால் வாயுவை அதன் வழியே சுற்றவிடுங்கள். சுண்ணாம்பு வறண்டுபோனால் வேலை செய்யாது, ஈரம் தேவை. இன்னொரு காரணமும் உண்டு: கரியமில வாயு உடலில் தேங்கினால் சிறுநீர் அமிலத்தன்மை கூடும், அமிலச் சிறுநீரில் ஆம்ஃபெட்டமைன் வேகமாக வெளியேறும். அப்புறம் மருந்தின் விளைவு அழுத்தத்தால் குறைந்தது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கேஜ் காட்டும் எண்ணும் கவனம். மேற்பரப்பில் கேஜ் பூஜ்யம், உண்மையில் அங்கே 1 வளிமண்டலம். 'பத்துக்கு ஏற்று' என்று சொன்னால் இயக்குபவர் கேஜில் 10 வைப்பார், எலி 11இல் இருக்கும்.

5. உள்ளே எதை வைக்கலாம்

வெற்றிடமோ காற்றோ அடைபட்ட எதுவும் நசுங்கும். கண்ணாடி பல்புகள், உலோகக் குப்பி மூடிய உணரிகள், சில மின்தேக்கிகள், காற்றடைத்த உடல்வெப்ப அளவிக் குளிகைகள். முழுக்க எபாக்சியில் வார்த்த எல்.இ.டி.கள் பிரச்சினை தருவதில்லை. எலி இல்லாமல் எல்லாவற்றையும் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒருமுறை போதாது. எங்கள் லீவர் சுவிட்ச் இரண்டாவது முறைதான் இறங்கும்போது பட்டென்று வெடித்தது.

யாரும் சொல்லித்தராத விஷயம் தண்ணீர் பாட்டில். தலைகீழாய்த் தொங்கும் பாட்டிலில் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் காற்று இருக்கும். அழுத்தமேறும்போது வெளி வாயு உறிஞ்சுகுழல் வழியே உள்ளே புகும். இறக்கும்போது அது விரிந்து தண்ணீர் முழுவதையும் கூண்டுக்குள் பீச்சும். நனைந்த எலி, ஊறிய உணவு உருண்டை, குறுக்குச்சுற்றான உணரி. சோதனை நேரத்தில் பாட்டிலை எடுத்துவிடுங்கள், நீண்ட சோதனையென்றால் திறந்த கிண்ணம் வையுங்கள்.

ஒலிச் சைகைகளைத் தவிர்த்து ஒளிச் சைகைகளைப் பயன்படுத்துங்கள். வாயு பாயும் இரைச்சலில் ஒலி அமுங்கும், ஹீலியத்தில் ஒலிபெருக்கியின் குணமே மாறிவிடும். ஆக்சிஜன் போகும் குழாய்களில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. ஆக்சிஜன் 23.5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் தீப் பாதுகாப்பு வரம்பு. தீப்பொறி விடும் மோட்டாரை உள்ளே வைக்காதீர்கள். உணவு உருண்டை விடும் கருவியின் மோட்டாரை வெளியே வைத்து அச்சை மட்டும் உள்ளே கொண்டுபோக முடிந்தால் நல்லது.

6. மருந்தில்லாமல் ஆறு வாரம்

எலியை இயல்பான எடையின் 80 முதல் 85 விழுக்காட்டில் வைத்து லீவர் தட்டப் பழக்குவது வழக்கம். எந்தப் பெட்டியில் சோதிக்கப்போகிறீர்களோ அதே பெட்டியில், அதே அறைக்குள், கதவை மூடி, விசிறியை ஓடவிட்டுப் பழக்குங்கள். வெளியே பழக்கி உள்ளே கொண்டுபோனால் முதல் வாரம் எலி மூலையில் உறைந்து உட்கார்ந்திருக்கும்.

எந்தத் தட்டல் விதியைத் தேர்ந்தெடுப்பது? ஒரே அமர்வில் வேகமாகத் தட்டவைப்பது ஒன்று (30 தட்டலுக்கு ஓர் உருண்டை), மெதுவாகத் தட்டவைப்பது ஒன்று (குறித்த இடைவெளி கழிந்தபின் வரும் முதல் தட்டலுக்கு உருண்டை), இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் வருகிறது. இதைத் தவறவிட்டதால்தான் என் ஏழு மாதம் போனது.

தட்டல் நிலைத்தபின் போலி ஏற்றம்: வால்வைத் திறந்து இரைச்சல் மட்டும், அழுத்தம் 1.2ஐத் தாண்டாமல். பல எலிகளுக்கு இந்தச் சத்தமே பாதித் தட்டலைக் குறைத்துவிடும். பழகும்வரை தொடருங்கள். அதன்பின் உண்மையான ஏற்றம், மருந்தில்லாமல், 3, 5, 7, 10 என்று. 1இலிருந்து 2க்கு ஏறும் பகுதியை மிக மெதுவாகச் செய்யுங்கள். நடுக்காதில் உள்ள காற்றின் கனஅளவு பாதியாவது அங்கேதான். காதைச் சொறியும், தலையை ஆட்டும் எலியை அன்று நிறுத்திவிடுங்கள். சளி பிடித்த எலியை ஏற்றவே வேண்டாம். காது வலிக்கிற எலி லீவரைத் தட்டாது, அதை நைட்ரஜன் போதை என்று எழுதுவது எளிது.

10 வளிமண்டல நைட்ரஜனில் உங்கள் எலிகளின் தட்டல் எவ்வளவு மாறுகிறது, நாளுக்கு நாள் அந்த மாற்றம் எவ்வளவு ஆடுகிறது என்ற இரண்டு எண்களும் கையில் வந்தபின்தான் மருந்துப் பெட்டகத்தைத் திறக்க வேண்டும்.

7. மருந்தும் கடிகாரமும்

மருந்தின் எடையைக் குறிப்பது உப்பா, மூலமா (உப்பில் உள்ள வெறும் மருந்து) என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1 மி.கி. டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமைன் சல்ஃபேட்டில் மூலம் சுமார் 0.73 மி.கி. மட்டுமே. எதைக் குறிக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் மற்றவர் முடிவோடு ஒப்பிட முடியாது.

ஒரே அளவை மட்டும் சோதிக்காதீர்கள். குறைந்தபட்சம் உப்புநீர், 0.1, 0.3, 1.0 மி.கி./கிலோ, முடிந்தால் 3.0. ஆம்ஃபெட்டமைனின் விளைவு மேலே ஏறிப் பின் சரியும் வளைவு. அளவு கூடினால் எலி ஓடுவதை விட்டு ஒரே இடத்தில் முகர்வதும் தலையாட்டுவதுமாக இருக்கும், லீவர் பக்கமே வராது. அழுத்தம் இந்த வளைவை இடப்பக்கம் தள்ளுகிறதா, வலப்பக்கமா, அல்லது உயரத்தைக் குறைக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு வளைவு எங்கே நகர்ந்தது என்று சொல்ல முடியாது.

நேரம்தான் பெரிய தலைவலி. கதவை மூடியபின் ஊசி போட முடியாது. எங்கள் அட்டவணை: வயிற்றறை ஊசி, 3 நிமிடத்தில் கதவு மூடல், நிமிடத்துக்கு 1 வளிமண்டலம் வீதம் 9 நிமிடம் ஏற்றம், 10 நிமிடம் வெப்பம் நிலைபெற. ஊசி போட்ட 22ஆம் நிமிடத்தில் அமர்வு தொடங்கும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம், அதனால் பொருந்தியது. மேற்பரப்புக் கட்டுப்பாட்டு நாட்களிலும் அதே 22 நிமிடம், அதே மூடிய கதவு, அதே இரைச்சல். 'மேற்பரப்பில்தானே' என்று ஊசி போட்ட ஐந்தாம் நிமிடமே தொடங்கினால் நீங்கள் ஒப்பிடுவது அழுத்தத்தையல்ல, ஊசிக்குப் பின் கழிந்த நேரத்தை.

ஹீலியத்தில் ஆழமாகப் போக மெதுவாக ஏற்ற வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் மருந்து பெரும்பகுதி போய்விடும். அப்போது சிரைக்குள் நிலையான குழாய் பொருத்தி அறைச் சுவர் வழியே உள்ளேயே செலுத்த வேண்டும். பம்ப் வெளியே இருந்தால் அது அறையின் அழுத்தத்தை மீறித் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவழி வால்வு இல்லாவிட்டால் எலியின் இரத்தம் குழாய் வழியே வெளியே வரும். குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது. ஏறும்போது அது சுருங்கும், நீங்கள் தள்ளிய மருந்தில் ஒரு பகுதி எலிக்குப் போகாமல் அந்த இடத்தை நிரப்பும்.

வாரத்துக்கு இரண்டு மருந்து நாட்கள், இடையில் குறைந்தது 72 மணி நேரம். நான்கு அளவு, மூன்று அழுத்தம் என்றால் 12 கலவை, ஆறு வாரம். ஒவ்வொன்றையும் இருமுறை செய்தால் மூன்று மாதம். வரிசையை ஒவ்வோர் எலிக்கும் மாற்றி அமையுங்கள். ஆம்ஃபெட்டமைனை விட்டுவிட்டுக் கொடுத்தால் விலங்கு அதற்குக் கூர்மையாகிவிடும், அதே அளவு மூன்றாம் மாதத்தில் பலமாக வேலை செய்யும். அழுத்த நாட்களை எல்லாம் கடைசியில் வைத்தீர்களானால் அந்தக் கூர்மை அழுத்தத்தின் கணக்கில் ஏறிவிடும். சோதனை முடிவில் மேற்பரப்பில் உப்புநீரையும் ஓர் அளவையும் மீண்டும் கொடுத்து, தொடக்கத்தில் வந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

8. வெப்பம்

ஏற்றும்போது வாயு சூடாகும், இறக்கும்போது குளிர்ந்து மூடுபனி படரும். ஆம்ஃபெட்டமைன் உடல் வெப்பத்தைக் கூட்டும். சூழல் எவ்வளவு சூடோ அவ்வளவு ஆபத்து. பல எலிகளை ஒன்றாக அடைத்தால் இன்னும் மோசம், ஒரு பெட்டிக்கு ஓர் எலிதான். ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதால் சாதாரண அறை வெப்பத்தில் எலி விறைத்துப்போகும். 30 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும். அமர்வு முடிந்தவுடன் முடிந்தால் உடல் வெப்பத்தைப் பதிவு செய்யுங்கள்.

9. இறக்கம்

எலி சிறிய விலங்கு, மனிதரைவிட வேகமான இறக்கத்தைத் தாங்கும். அதற்காக வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட முடியாது. அதே எலி மூன்று நாள் கழித்து மீண்டும் தட்டியாக வேண்டும். மருந்து உள்ளே இருக்கும்போது எலி ஓடிக்கொண்டே இருப்பதால் குமிழி நோய் (இறங்கும்போது உடலில் கரைந்த வாயு குமிழியாவது) வந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியாது. வெளியே எடுத்தபின் ஒரு மணி நேரம் பாருங்கள்: பின்னங்கால் இழுக்கிறதா, உருள்கிறதா, காலைக் கடிக்கிறதா. சந்தேகம் இருந்தால் அந்த எலியின் அடுத்த மருந்து நாளைத் தள்ளிப்போடுங்கள்.

10. எண்களைப் படிக்கும்போது

என் முதல் தரவில் ஓர் அழகான முடிவு கிடைத்தது. 10 வளிமண்டல நைட்ரஜனில் எலியின் தட்டல் சரிந்தது, ஆம்ஃபெட்டமைன் கொடுத்ததும் திரும்ப ஏறியது. ஊக்கமருந்து நைட்ரஜன் போதையை முறிக்கிறது என்று தலைப்புகூட எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு மூத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மேற்பரப்பில் மெதுவாகத் தட்டும் எலிக்கு இதே அளவைக் கொடுத்தால் என்ன ஆகும்?"

ஏறியிருக்கும். மருந்தியலாளர் பீட்டர் டியூஸ் 1950களில் புறாக்களை வைத்துக் காட்டிய விஷயம் இது: மருந்தின் விளைவு, மருந்துக்கு முன் விலங்கு எந்த வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகள் மெதுவான தட்டலை வேகமாக்கும், வேகமான தட்டலை அப்படியே விடும் அல்லது குறைக்கும். நைட்ரஜன் என் எலிகளை மெதுவாக்கியிருந்தது. மெதுவான எலிக்கு ஆம்ஃபெட்டமைன் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. அதில் அழுத்தத்துக்கு எந்தப் பங்கும் இல்லாமலே போகலாம். என்னிடம் இருந்தது வேகத் தட்டல் விதி ஒன்றுதான், சரிபார்க்க மேற்பரப்பில் மெதுவான தட்டல் இல்லை. ஏழு மாதம் அப்படித்தான் போனது.

ஆகவே ஒவ்வோர் எலிக்கும், ஒவ்வொரு விதிக்கும், மருந்தில்லாத் தட்டல் வேகத்தைக் கிடைமட்ட அச்சிலும், மருந்து அதை எத்தனை மடங்காக்கியது என்பதைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளைப் போடுங்கள். மேற்பரப்புப் புள்ளிகளும் அழுத்தப் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் நைட்ரஜன் தட்டல் வேகத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. அழுத்தப் புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால் நைட்ரஜனுக்கும் மருந்துக்கும் இடையே உண்மையாகவே ஏதோ நடக்கிறது, அதைப் பற்றி எழுதலாம்.

கூட்டல் கணக்கில் பார்க்கிறீர்களா பெருக்கல் கணக்கிலா என்பதையும் தரவு வருமுன்பே எழுதிவையுங்கள். அழுத்தம் தட்டலைப் பாதியாக்கி, மருந்து இரட்டிப்பாக்கினால் பெருக்கலில் அவை ஒன்றையொன்று தொடவே இல்லை, கூட்டலில் பெரிய இடைவினை. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அழகாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

அறிக்கையில் ஏற்ற வேகம், இறக்க வேகம், ஆக்சிஜன் மற்றும் கரியமில வாயுவின் பகுதியழுத்தம், அறை வெப்பம், ஊசிக்கும் அமர்வுக்கும் இடையிலான நிமிடங்கள், உப்பா மூலமா எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு படத்தின் அச்சிலும் அது கேஜ் எண்ணா, மொத்த அழுத்தமா என்று எழுதுங்கள்.